பக்கவாட்டில் ஒரு ஓட்டை

அதைக் கீழ வைங்க தம்பி. அந்தச் செவப்புக் கோடு போட்ட சைக்கிள் டயரைத்தான் சொல்றேன். கடைக்காரரு உள்ள போயிட்டாரு, அதான் வாயைத் தொறக்கேன். அவரு காதுல விழுந்துச்சுன்னா என் வீலுக்குக் கோட்டம் எடுக்கிறேன்னு சொல்லி இன்னும் ரெண்டு கோட்டத்தைச் சேத்து விட்டுருவாரு.

பெருவிரலை வச்சு நடுவுல அமுக்குங்க. அமுங்குதுல்ல? விரல் அமுங்குற எடத்துல முள்ளு இறங்கும். இப்ப அந்தா தொங்குது பாருங்க, கருப்பா, ஒரு அழகும் இல்லாம, அதை அமுக்குங்க. விரல்தான் வலிக்கும். அதுதான் டயரு. கையில தூக்குனா கனமாத்தான் இருக்கும். ஏத்தத்துல தொடை கடுக்கும். ஆனா வேலைக்கு நேரத்துக்குப் போய் நிக்கலாம். ஓரத்தை மடக்கிப் பாத்துக்கிடுங்க. மயிரு மயிரா வெடிப்புத் தெரிஞ்சா அது பழைய சரக்கு. நாம கேக்கலேன்னா அதைத்தான் நம்ம தலையில கட்டுவாக.

எந்த வழியாப் போறீக? கண்மாய்க்கரை வழியாவா? அப்படின்னா நான் சொல்றதைக் கேட்டுட்டே போங்க. அந்தக் கரையில வெயிலுகந்தாளைத் தெரியாதவுக இல்ல. நான்தான். மில்லுல நூல் சுத்துற வைண்டிங்குல இருக்கேன்.

என்னையச் சந்தேகக்காரின்னு எங்க தெருவுல சொல்வாக. சொல்லட்டுமே. பாலுல தண்ணி இருக்கான்னு பாக்குறது சந்தேகமா? தராசுத் தட்டுக்கு அடியில புளி ஒட்டியிருக்கான்னு குனிஞ்சு பாக்குறது சந்தேகமா? கண்ணைத் தொறந்துக்கிட்டு நடக்கிறவளுக்கு இந்த ஊருல அந்தப் பேரு. நான் கண்ணை மூடிக்கிட்டு நம்புற ஆளு உலகத்துல ஒருத்தரு மட்டுந்தான். எங்க வீட்டுக்காரவுக.

இருளப்பன்னு பேரு. லாரி ஓட்டுனவுக. இங்க சிமெண்டு ஏத்துனா கேரளாவுல கொண்டுபோய் இறக்கிட்டு வருவாக. ஒருநா செங்கோட்டை தாண்டி, டீக் குடிக்க வண்டியை விட்டு இறங்குன எடத்துல வலிப்பு வந்து விழுந்துட்டாக. ஓட்டும்போது வரல, அந்தமட்டுக்கும் சாமி இருக்கு. டாக்டரு மாத்திரை எழுதிக் குடுத்துட்டு, இனிமே ஸ்டியரிங் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. முதலாளி சாவியை வாங்கிக்கிட்டாரு. மாத்திரை போட ஆரம்பிச்சதுலேருந்து திரும்ப வரல. வரலேன்னாலும் நாம விட்டுற முடியுமா?

அன்னையிலேருந்து அவுகளை நான் ஒரு வேலை செய்ய விடல தம்பி. ஒரு வேலை! அடுப்புக்கிட்டப் போகக்கூடாது, தீ. கெணத்துக்கிட்டப் போகக்கூடாது, தண்ணி. ஏணி ஏறக்கூடாது. தனியா ரோட்டுக்குப் போகக்கூடாது. தீப்பெட்டி வாங்கிட்டு வாரேன்னு செருப்பை மாட்டுனாகன்னா நான் வாசல்ல குறுக்க நின்னுக்கிடுவேன். 'ராசா மாதிரி கட்டில்ல உக்காருங்க, எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுறேன்'னு சொன்னேன். எந்தப் பொம்பளை அப்படிப் பாப்பா, சொல்லுங்க. எங்க மதினி வந்து பாத்துட்டு, 'ஏத்தா, ஒம் புருசனைத் தொட்டில்ல போட்டு ஆட்டுறியே, பேரு வச்சாச்சா'ன்னு கேட்டா. பொறாமை.

அவுக பாட்டுக்குக் கட்டில்ல உக்காந்திருப்பாக. மெயின்ரோட்டுல லாரி போற சத்தம் எங்க வீட்டுக்குக் கேக்கும். 'லோடு கூட ஏத்தியிருக்கான், ரெண்டாவது கியர்ல இழுக்கான்'னு சொல்வாக. 'நல்லாக் காது கேக்குது ஒங்களுக்கு'ன்னு சொல்லிட்டு நான் கிளம்பிருவேன். மில்லு, சமையலு, துணி, தண்ணி, எனக்கு நிக்க ஏது நேரம்?

சைக்கிளு எங்க மகளுக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்தது. அவ கல்யாணமாகி சிவகாசிக்குப் போயிட்டா, சைக்கிளு எனக்கு வந்துருச்சு. முதமுதல்ல பஞ்சரானது கண்மாய்க்கரை முள்ளுல. சீமைக்கருவேலம், தெரியும்ல, செருப்பு போட்டிருந்தாலும் மேல வந்து எட்டிப் பாக்குமே, அது. தள்ளிக்கிட்டு வந்தேன். அவுக கட்டிலை விட்டு எந்திரிச்சு வந்து, 'விடு, நான் ஒட்டுறேன்'னாக. நான் யோசிச்சேன். தீ இல்ல, தரையில உக்காந்து செய்யிற வேலை. சரின்னேன். சரின்னுட்டு நானும் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டேன். திடீர்னு வலிப்பு வந்துட்டா தாங்கிப் புடிக்க ஆள் வேணுமே.

பாக்கணுமே தம்பி அந்தக் கையை! லாரி டயரைக் கழட்டுன கைக்கு இது விளையாட்டுச் சாமான். டியூப்பை உருவி, பம்படிச்சு, சட்டித் தண்ணியில முக்கி, முட்டை விடுற எடத்தைப் பாத்து விரலை வச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, சொல்யூஷன் தடவி, வாயால ஊதி ஊதி... ஒட்டிட்டுத் திரும்பத் தண்ணியில முக்குனாக, ஒரு முட்டை வரல. 'என்னா நேத்தி!'ன்னு தெருவே கேக்கச் சொன்னேன். அன்னைக்கு அவுக இன்னும் கொஞ்சம் சோறு போடுன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாக. வலிப்பு வந்ததுலேருந்து அப்படிக் கேட்டதே இல்ல.

அதுக்கப்புறம் புடிச்சுது சனியன்.

வாரம் தவறாம பஞ்சரு. காலையில எந்திரிச்சுப் பாத்தா காத்து இறங்கிக் கெடக்கும். முந்துன நாளு நல்லாத்தான் வந்திருப்பேன். நின்ன எடத்துல எப்படி முள்ளு ஏறும்? அவுக ஒட்டித் தருவாக, நான் பக்கத்துல உக்காந்து, இது எவன் வேலை, எவ வேலைன்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன். அவுக தலையைக் குனிஞ்சுக்கிட்டே, 'முள்ளா இருக்கும் வெயிலு'ம்பாக. சூதுவாது தெரியாத மனுசன்.

எனக்கு முதல்ல எதுத்த வீட்டு செண்பகவல்லி மேலதான் சந்தேகம். அவ கோழி என் வாசல்ல வந்து அசிங்கம் பண்ணுதுன்னு ஒரு தடவை சத்தம் போட்டிருந்தேன். மறக்கிற ஆளா அவ? ஒருநா நேரடியாவே கேட்டுட்டேன்.

'ஏ செண்பகவல்லி, ஒங்க வீட்டுல ஊசி, குண்டூசி ஏதும் காணாமப் போச்சா?'

'இல்லையேக்கா. ஏன் கேக்குறீக?'

'இல்ல, என் டயருல கெடைச்சா கொண்டாந்து குடுக்கலாம்னுதான்.'

அவ மூஞ்சி சுருங்கிப் போச்சு. அதுலேருந்து நான் வெளிய வந்தா அவ வீட்டுக் கதவு சாத்திக்கிடும். குத்தம் இல்லேன்னா கதவை ஏன் சாத்தணும்?

அடுத்தது முக்கு ரோட்டுப் பஞ்சர்கடை வைரவன். பஞ்சர்கடைக்காரன் ரோட்டுல ஆணி போட்டுத்தான் பிழைப்பான்னு எல்லாருஞ் சொல்றதுதானே. பழைய ரேடியோவுல காந்தம் இருக்கும்ல, அதைப் பிடுங்கிக் கயித்துல கட்டி, சைக்கிள் கேரியர்ல மாட்டி, அவன் கடைக்கு முன்னால தரையோட இழுத்துக்கிட்டே போனேன். 'என்னக்கா, கோலம் போடுறீகளா?'ன்னு கேக்கான். என்ன நக்கல் பாருங்க. காந்தத்துல ஒரு துருப்பிடிச்ச நட்டும், சோடா மூடியும், ஹேர்பின்னும் ஒட்டியிருந்துச்சு. ஆணி இல்ல. நான் வாரேன்னு தெரிஞ்சு பொறுக்கி ஒளிச்சிருப்பான். அவன்கிட்ட நான் ஒரு பஞ்சரு ஒட்டுனது கிடையாது. வீட்டுல ஆள் இருக்கையில அவன்கிட்ட எதுக்குப் போகணும்? அந்த ஆத்திரம் ஒண்ணு போதாதா அவனுக்கு?

மில்லுல லேட்டுக்கு மேல லேட்டு ஆயிருச்சு. எங்க மில்லுல சங்கு ஊதிட்டா கேட்டைச் சாத்திருவாக. சூப்பர்வைசர் கூப்பிட்டு, 'இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைப் போட்டுக்கிடுவோம்மா'ன்னு முகத்துக்கு நேராச் சொல்லிட்டான். எங்க வீட்டுல அந்த ஒரு சம்பளந்தான் தம்பி. அவுக மாத்திரைக்கும் அதுதான், அடுப்புக்கும் அதுதான். வீட்டுக்கு வந்து அவுககிட்டச் சொல்லி அழுதுட்டேன். அவுக முகம் வெளுத்துப் போச்சு. 'இனிமே ஒனக்கு லேட்டு ஆகாது வெயிலு'ன்னாக. சாமிக்கு ஏதோ வேண்டிக்கிட்டாக போலன்னு நான் நினைச்சேன்.

வேண்டுதல் பலிச்சுது. வேலை நாள்ல ஒரு பஞ்சரு இல்ல. ஆனா கேளுங்க, இதுதான் அநியாயம். என் லீவு நாள்ல மட்டும் பஞ்சராச்சு! காலையில எந்திரிச்சா, சைக்கிளு சப்பையா நிக்கும். எனக்கு என்னைக்கு லீவுன்னு கூடத் தெரிஞ்சு வச்சிருக்கான் எதிராளி! வேவு பாக்காம இது முடியுமா? வீட்டுக்காரவுககிட்டச் சொன்னேன், 'நம்ம வீட்டை யாரோ நோட்டம் பாக்காக'ன்னு. அவுக சட்டித் தண்ணியையே பாத்துக்கிட்டு இருந்தாக.

அப்பத்தான் முடிவு பண்ணேன். ஆளைத் தேடிக்கிட்டே இருந்தா ஆயுசு பத்தாது, டயரை மாத்துவோம்னு.

சும்மா மாத்திறல. கண்மாய்க்கரையில கேனைக் கட்டிக்கிட்டுப் போற பால்காரரு ஒருத்தரு இருக்காரு. அம்புட்டுப் பாரத்தோட அதே முள்ளுலதான் போறாரு, அவரு ஒருநாளும் தள்ளிக்கிட்டுப் போய் நான் பாத்ததில்ல. அவரை நிறுத்திக் குனிஞ்சு சக்கரத்தைப் பாத்தேன். 'என்னம்மா, மோந்து பாக்குறே?'ன்னாரு. பாத்து வச்சுக்கிட்டேன். அப்புறம் இந்தக் கடைக்கு வந்தேன். இவரு சும்மா இருப்பாரா? காத்தே அடிக்க வேண்டாம்னு ஒரு டயரைக் காட்டுனாரு, முழுக்க ரப்பரு. ஓட்டிப் பாத்தேன், கல்லுல ஏறுனா பல்லு கிட்டுது, இடுப்பு எலும்பு தனியாப் பேசுது. வேண்டாம்னேன். டியூப்புக்குள்ள ஊத்துற மருந்துன்னு ஒண்ணு காட்டுனாரு. பாட்டில்ல இருக்கிறது மருந்தா, மைதாப் பசையான்னு நான் எங்க போய்க் கேப்பேன்? கடைசியில அந்தா தொங்குதே, அதைத் தூக்கிட்டு வரச் சொன்னேன். நடுப்பட்டை விரல் தண்டிக்கு இருக்கும். 'பழைய டியூப்பை நீளமா வெட்டி உள்ள பட்டையாக் குடுத்துருங்க, டபுள் காவலு'ன்னாரு. அதையும் வாங்கிக்கிட்டேன். அவரு சொன்னதுலயே உருப்படியானது அது ஒண்ணுதான்.

வீட்டுக்காரவுகளுக்குத்தான் இஷ்டமில்ல.

'இம்புட்டுக் கனம் எதுக்கு வெயிலு? மிதிச்சு மிதிச்சு ஒனக்கு முழங்கால் போயிரும்.'

'முழங்கால் போனாப் போகட்டும், வேலை போகக்கூடாது.'

'பஞ்சரானா என்ன, நான் இருக்கேன்ல ஒட்டித் தர?'

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு தம்பி. என்னா பாசம்! 'ஒங்களுக்கு இனிமே அந்தக் கஷ்டமும் வேண்டாம், நிம்மதியா இருங்க'ன்னேன். அவுக டயரைப் போட்டுத் தந்தாக. ரெண்டையும் போட அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஆச்சு. போட்டு முடிச்சும் சக்கரத்தைச் சுத்தி விட்டு, அது நிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாக.

அதுக்கப்புறம் எனக்குச் சொர்க்கம். முள்ளு மேல ஏத்துனேன், கண்ணாடிச் சில்லு மேல ஏத்துனேன், ஒண்ணும் ஆகல. காத்து மட்டும் கல்லு மாதிரி வச்சுக்கிடணும் தம்பி, தொய்வா விட்டா எந்த டயரும் முள்ளை வா வான்னு கூப்பிடும். ஆனா பாருங்க, அதே நேரத்துல அவுகளுக்கு ஒடம்பு சரியில்லாமப் போச்சு. சாப்பாடு இறங்கல. பேச்சு இல்ல. லாரி சத்தம் கேட்டாலும் ஒண்ணும் சொல்றதில்ல. டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனேன். 'ஒடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா, கொஞ்சம் நடக்க விடுங்க'ன்னாரு. இவருக்கு என்ன, சொல்லிட்டுப் போயிருவாரு, விழுந்தா நாமல்ல தூக்கணும்னு, கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்து கட்டில்ல படுக்க வச்சுட்டேன்.

ஒருநா சிப்டு முடிஞ்சு மில்லுச் சைக்கிள் ஸ்டாண்டுக்கு வாரேன், பின் சக்கரம் தரையோட தரையாக் கெடக்கு.

எனக்கு நம்ப முடியல. காலையில போகும்போது நல்லா இருந்துச்சு. தள்ளிக்கிட்டு வந்து அவுககிட்டக் குடுத்தேன். டியூப்பை முக்குனாக. ஓட்டை நடுவுல இல்ல. பக்கவாட்டுல! டயரு ஓரத்துல, எழுத்துப் போட்டிருக்குமே, அந்த எடத்துல. சின்ன ஓட்டை, ஒவ்வொரு முட்டையா வருது. நான் துள்ளி எந்திரிச்சேன். 'பாத்தீகளா? முள்ளு கீழேருந்துதான் ஏறும். பக்கத்துல வந்து குத்துமா? இது மனுசன் கை!'ன்னேன். அவுக டியூப்பை அப்படியே புடிச்சுக்கிட்டு இருந்தாக.

மனுசன் கைன்னா யாரு கை? சைக்கிளு நின்னது மில்லு ஸ்டாண்டுல. ஸ்டாண்டைப் பாக்கிறது வாட்ச்மேன் சூசைமாணிக்கம். நிழல்ல நிறுத்தக்கூடாது, அது ஸ்டாஃபுக்குன்னு என்னைய வெயில்ல நிறுத்தச் சொன்ன ஆளு. நான் கேக்காம நிழல்லதான் நிறுத்துவேன். அந்தக் காய்ச்சல்தான். இதை விட என்ன வேணும்? மறுநா, வருகை பதியுற டைம் ஆபீஸ்ல போய் அவரு மேல எழுதிக் குடுத்துட்டேன். டைம் ஆபீஸ் சாரு நல்ல மனுசன், 'பாத்தீங்களாம்மா, கண்ணால?'ன்னு கேட்டாரு. 'சார், அவரு முழியே சரியில்ல'ன்னேன். இன்னும் ஒண்ணு ரெண்டு பொம்பளைகளும் சைக்கிள்ல காத்து இல்லேன்னு முன்னமே சொல்லியிருந்தாக போல. வாட்ச்மேனைப் போடுற கான்ட்ராக்ட்டுக்காரன் அவரை வேலையை விட்டு நிறுத்திட்டான்.

வீட்டுக்கு வந்து பெருமையா அவுககிட்டச் சொன்னேன். 'ஆளைப் புடிச்சுட்டேன்ல! இனிமே பயமில்ல.'

அவுக கேட்டாக, 'அந்த ஆளுக்குப் புள்ளைக இருக்கா?'

'இருக்கும். நமக்கென்ன?'

'வேற வேலை கெடைக்குமா?'

'யாருக்குத் தெரியும்? சோறு வைக்கட்டுமா?'

வேண்டாம்னுட்டு மொகத்தைத் திருப்பிப் படுத்துக்கிட்டாக.

மறுநா மத்தியானம் மெஷினுக்கு முன்னால நிக்கேன், டைம் ஆபீஸ்ல கூப்பிடுறாகன்னு ஆள் வருது. போனா, வீட்டுக்காரவுக அங்க நிக்காக தம்பி! வெளுத்த சட்டையைப் போட்டுக்கிட்டு, வேர்த்து ஊத்த, அந்தக் கண்மாய்க்கரை முழுக்கத் தனியா நடந்து வந்திருக்காக. 'யாரைக் கேட்டு வந்தீக? வழியில விழுந்திருந்தா?'ன்னு அங்கயே கத்திட்டேன்.

அவுக என்னையப் பாக்கல. சாருகிட்ட, 'சார், டயருல குத்துனது நான். அந்த வாட்ச்மேன் இல்ல'ன்னாக.

நான் ஒடனே குறுக்க விழுந்து சொன்னேன், 'சார், அவுகளுக்கு வலிப்பு நோவு. என்ன பேசுறோம்னு தெரியாது. அந்த சூசைமாணிக்கம் வீட்டுக்கு வந்து காலைப் புடிச்சிருப்பாரு. இவுக எளகுன மனசு.'

அப்பத்தான் அவுக திரும்பி என்னையப் பாத்தாக.

'வெயிலு, எனக்கு வலிப்புதான். புத்தி கெட்டுப் போகல.'

சைக்கிளைக் கொண்டாரச் சொன்னாக. பின் டயரைச் சுத்தி ஒரு எடத்துல நிறுத்தி, 'முதல்ல இங்கதான் குத்துனேன். கோணி ஊசி. முனை உள்ளயே முறிஞ்சு போச்சு. அப்புறம் வேற ஊசியை வச்சு எதுத்த பக்கவாட்டுலக் குத்துனேன். அது இவ லீவு நாளுதான் சார். ஏறலேன்னு நினைச்சு விட்டுட்டேன். மெதுவாக் காத்து இறங்கி மறுநா இங்க வந்து உக்காந்துருச்சு'ன்னாக. சாரு குனிஞ்சு பாத்தாரு. நானும் பாத்தேன். ரப்பருக்குள்ள ஊசி முனை மினுக்குச்சு.

'ஏன்யா இப்படிப் பண்ணுனீரு? ஒம்ம சம்சாரம் சைக்கிளுதானே?'ன்னாரு சாரு.

'சும்மா உக்கார முடியல சார். வீட்டுல ஒரு பொருளைத் தொட விடமாட்டேங்கா. டியூப் ஒட்டுறப்ப மட்டும் விடுவா. அப்ப மட்டுந்தான் அவளும் பக்கத்துல உக்காருவா'ன்னாக.

சாரு மின்விசிறியைப் பாத்தாரு. சரி, போங்கன்னு கையைக் காட்டுனாரு.

நான் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு முன்னால நடந்தேன், அவுக பின்னால வந்தாக. எனக்கு ஆத்திரமா, அழுகையா, எதுன்னே தெரியல. என் வேலை போயிருந்தா? அம்புட்டுப் பேரு முன்னால என்னைய என்னமோ கொடுமைக்காரி மாதிரிச் சொல்லிட்டாகளே? ஊரெல்லாம் சந்தேகப்பட்டேன், செண்பகவல்லியை, வைரவனை, சூசைமாணிக்கத்தை. வீட்டுக்குள்ள இருந்த ஒரு ஆளைப் படலையே. கண்மாய்க்கரை வந்ததும், 'இந்த வெயில்ல வந்தீகளே, வழியில வலிப்பு வந்திருந்தா என்ன பண்ணுவீக?'ன்னேன்.

'வரலையே'ன்னாக. அம்புட்டுத்தான்.

சூசைமாணிக்கத்துக்கு வேலையைத் திரும்பக் குடுத்துட்டாக. எங்க வீட்டுக்காரவுக போய்ச் சொல்லித்தானே கெடைச்சுது? அந்த நன்றி இருக்கா அந்த ஆளுக்கு? நான் வணக்கம் வச்சா அந்தப் பக்கம் திரும்பிக்கிடுறாரு. செண்பகவல்லி கதவும் தொறக்கல. மனுசங்களுக்கு மனசுல எம்புட்டு வன்மம் பாருங்க.

வீட்டுல நானும் மாறிப் பாத்தேன் தம்பி. தண்ணி எடுத்து வாங்கன்னேன். கடைக்குப் போயிட்டு வாங்கன்னேன். போனாக, வந்தாக, ஒண்ணும் ஆகல. ஆனா ஏதோ நான் கட்டளை போட்டு அவுக செய்யிற மாதிரி இருந்துச்சு. குடத்தை வச்சுட்டு, 'வேற?'ன்னு நிப்பாக. நான் போட்டுக் குடுக்கிற வேலை வேற, வேலையே தேடிக்கிட்டு அவுக கைக்கு வர்றது வேற போல. சைக்கிள் பக்கம் மட்டும் அவுக போகவே இல்ல. அதைச் சுத்திக்கிட்டு நடந்து போவாக. காத்து கொறஞ்சிருக்கான்னு காலையில நான் டயரை அமுக்கிப் பாத்தா, கண்ணைத் தாழ்த்திக்கிடுவாக. பழக்கத்துல பாக்குறேன்னு சொன்னா நம்பவா போறாக?

இந்த டயரு இருக்கே, இது பஞ்சராகவும் மாட்டேங்குது.

போன மாசம் ஒருநா சிப்டு முடிஞ்சு வாரேன். கண்மாய்க்கரையில யாரும் இல்ல. பாதையில ஒரு ஆணி கெடந்துச்சு, நல்ல நீளமான ஆணி, வண்டிப் பலகையிலேருந்து விழுந்திருக்கும். அது மேலயே ஏத்துனேன். ஒண்ணும் ஆகல. திரும்ப வந்து ஏத்துனேன். டயரு அதை ஒதுக்கித் தள்ளிட்டுப் போகுது. இறங்கி, சைக்கிளைச் சாச்சுப் போட்டு, ஆணியை நடுப்பட்டையில நட்ட வச்சு, ஒரு கல்லை எடுத்து அடிச்சேன். ஆணி துள்ளி ஓடுது! தேடி எடுத்துட்டு வந்து திரும்ப அடிச்சேன். விரல்ல பட்டு நகம் கறுத்துப் போச்சு, இந்தா பாருங்க. வேர்த்து விறுவிறுத்து, அடி மேல அடி அடிச்சு, பட்டையெல்லாம் தாண்டி உள்ள இறங்குனப்பத்தான் புஸ்ஸுன்னுச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோசப்பட்டது அன்னைக்கு ஒருநாத்தான். அதான் தம்பி, நம்பி வாங்குங்கன்னு ஒங்களுக்குச் சொல்றேன். விளம்பரத்தைப் பாத்துச் சொல்லல.

தள்ளிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். அவுக சக்கரத்தைப் பாத்ததும் பதறி எந்திரிச்சாக.

'வெயிலு, நான் தொடல. சத்தியமா நான் தொடல.'

'தெரியும். ஆணி. பாருங்க'ன்னேன். போய்ச் சட்டியில தண்ணி மோந்து கொண்டாந்து வச்சுட்டு, பக்கத்துல உக்காந்தேன்.

அவுக டயரைத் தடவி, குறடை வச்சு ஆணியைப் பிடுங்கி, வெளிச்சத்துல தூக்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாக. ஆணித் தலையைப் பாத்தாக. டயரைப் பாத்தாக. என் கையைப் பாத்தாக. நான் முந்தானைக்குள்ள விரலை மறைச்சேன்.

'ரோட்டுல ஏறுற ஆணி சாஞ்சுதான் இறங்கும்'னாக. 'இது நட்டுக்க நிக்குது. தலை நசுங்கியிருக்கு. எவனோ வேணும்னே அடிச்சு இறக்கியிருக்கான் வெயிலு. யார் மேல சந்தேகம் ஒனக்கு?'

கேக்கும்போது ஒதடு துடிக்குது அவுகளுக்கு, சிரிப்பை அடக்க முடியாம.

'எவனா இருந்தா என்ன, ஒட்டுங்க'ன்னேன்.